கொல்லத்துத் துறையில் ஓர் ஆழ்கடல் விலாங்கு

விலாங்கு என்றதும் தமிழர் மனத்தில் எழுவன குளமும் வாய்க்காலும் சேற்று வயலுமேயாகும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டித் தப்பும் பிராணி என்று அதனைப் பழமொழியில் ஏற்றி, இரு திறத்தாரிடமும் நல்லவராய் நடந்துகொள்வோருக்கு உவமையாக்கி வைத்துள்ளோம். கடற்கரையில் பிறந்தோர் அஞ்சாளையையும் அறிவர். பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பல்லுக்குச் சங்கு குளிப்போர் ஒதுங்கியே செல்வர். ஆயினும் குளத்து விலாங்கும் பாரில் வாழும் அஞ்சாளையும் ஒரு பெருங்குடும்பத்தின் கரையோரக் கிளைகளே. உலகிலுள்ள விலாங்கினங்கள் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஆற்றையும் குளத்தையும் நாடி வளர்வன ஏறத்தாழ இருபதேயாம். எஞ்சியவை பெரும்பாலும் கடலுக்குரியன. அவற்றிலும் பல, பகலவன் ஒளி எட்டாத ஆழத்தில் வாழ்வன. அத்தகைய விலாங்கு ஒன்றைப் பற்றியும், அது கரைக்கு வந்துசேரும் ஊரைப் பற்றியும் இங்கே எழுதப் புகுகின்றோம்.

விஞ்ஞானிகள் அதற்கு இட்டுள்ள பெயர் கேவியாலிசெப்ஸ் டீனியோலா என்பது. நாவில் எளிதில் புரளாத பெயர்தான். பொருளோ எளியது. கேவியால் என்பது கங்கையில் வாழும் நீள்மூக்கு முதலை. அம்முதலையின் தலையைப் போன்ற தலையுடையது என்பது பெயரின் முற்பகுதி. டீனியோலா என்றால் சிறிய நாடா. தலையால் முதலை, உடலால் நாடா என்று இரண்டே சொற்களில் உருவத்தை வரைந்துவிட்டனர்.

இப்பெயர் பிறந்த ஊர் நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தாவே என்பதை நம் அன்பர்களில் பலர் அறிந்திரார். ஊரிலிருந்து உறவினர் வந்தால் சௌரங்கியிலுள்ள இந்தியன் மியூசியத்துக்கு, அதாவது வங்காளிகள் ஜாதுகர் என்று அழைக்கும் கட்டடத்துக்கு, நாம் எல்லோரும் அழைத்துச் செல்கின்றோம். எகிப்திலிருந்து வந்த மம்மியைக் காட்டுகின்றோம். யானையின் எலும்புக்கூட்டைக் காட்டுகின்றோம். குழந்தைகள் பசியென்று அழத் தொடங்கியதும் வெளியேறிவிடுகின்றோம். அந்த நிலையத்தில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் இருந்த இருவர், உட்மேசன் என்பாரும் ஆல்காக் என்பாரும், நம் கடல்களின் அடியாழத்தில் வாழும் உயிர்களுக்கு முதன்முதலாகப் பெயரிட்டவர்கள். முதலைத் தலை என்னும் பெயரை எண்ணி வைத்தவர் உட்மேசன். 1889ஆம் ஆண்டில் அதனை அச்சில் வெளியிட்டவர் ஆல்காக்.

ஆல்காக் மீன்நூல் பயின்று வந்தவர் அல்லர். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த டாக்டர். அக்காலத்து அரசினரிடம் இன்வெஸ்டிகேட்டர் என்றொரு கப்பல் இருந்தது. பம்பாயில் கட்டப்பெற்று, 1881இல் நீரில் இறங்கிய மரக்கப்பல் அது. பக்கங்களில் அமைந்த சக்கரங்களால் ஓடியது. வணிகக் கப்பல்கள் தரைதட்டாவண்ணம் கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் எழுதுவதே அதற்கு இடப்பட்ட பணி. கப்பலில் இருந்த வைத்தியரே இயற்கை ஆராய்ச்சியாளராகவும் இருப்பார் என்பது ஏற்பாடு. அந்தப் பதவியில் ஆல்காக் 1888 முதல் 1892 வரை இருந்தார். உலகக் கடல்களையெல்லாம் ஆராய்ந்தது என்று புகழ்பெற்ற சாலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை சுற்றிவந்தபோது வங்கக் கடலையும் அரபிக்கடலையும் எட்டிப் பார்க்கவில்லை. உலகம் விட்டுச்சென்ற அந்த இரு கடல்களின் ஆழத்தைத் துழாவும் வாய்ப்பு, ஆழம் அளக்கச் சென்ற ஒரு சிறு கப்பலுக்கும், நாடி பிடிக்கச் சென்ற ஒரு வைத்தியருக்கும் வாய்த்தது. வலையில் ஏறியவற்றைச் சாராயத்தில் இட்டுக் கொல்கத்தாவுக்கு அனுப்பினர். ஆல்காக் 1899இல் ஆழ்கடல் மீன்களின் பட்டியல் நூலையும், 1902இல் இந்தியக் கடல்களில் தாம் பெற்ற அனுபவங்களைக் கூறும் நூலையும் வெளியிட்டார். பிற்கூறிய நூல் சுவையானது. அறிவியல் என்றதும் அஞ்சுவோரும் அதனைப் படிக்கலாம்.

ஜாடியில் அடைபட்ட மீனைவிடக் கடலின் ஈரம் காயாத மீனைப் பார்ப்பது மேல் அன்றோ? இம்மீன் வலையில் ஏறும் இடம் யாது என்று விசாரித்தபோது, மீன்வள ஆராய்ச்சியில் உள்ள நண்பர் ஒருவர், "கொல்லத்துக்குச் செல்லுங்கள், சக்திகுளங்கரைத் துறையில் காலை ஐந்து மணிக்கு நில்லுங்கள்," என்றார். தைப்பொங்கலுக்கு ஊர் சென்றிருந்த நாங்கள் மூவர், தென்காசியில் கொல்லம் செல்லும் விரைவு வண்டியில் ஏறினோம்.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் இருப்புப் பாதை 1904இல் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் மீட்டர் பாதையாக இருந்து, 2018இல் அகலப் பாதையாக முழுமை பெற்றது. ஆரியங்காவுக் குகையைத் தாண்டினால் மண்ணின் நிறமும் காற்றின் ஈரமும் மாறிவிடுகின்றன. பதின்மூன்று கண் பாலத்தைப் பற்றி எழுதாதார் இலர். ஆதலால் நாங்கள் எழுதாது மேற்செல்கின்றோம். புனலூரில் கிடைத்த காப்பி, தென்காசியில் குடித்ததைவிட நன்றாக இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகின்றோம்.

கொல்லம் பழைய துறைமுகம். சீனத்துக் கப்பல்களும் அரபு நாட்டுக் கப்பல்களும் மிளகுக்காக வந்து நின்ற ஊர். மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் இதனைக் குறித்து எழுதியுள்ளனர். 825இல் தொடங்கிய கொல்லம் ஆண்டு மலையாளத்தார்க்கு மட்டும் உரியதன்று. நெல்லைச் சீமையின் பழைய பத்திரங்களிலும் அதைக் காணலாம். நம் பாட்டனார் காலத்து நிலப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருக்குமாயின் எடுத்துப் பாருங்கள். இன்று ஊரின் வாழ்வு முந்திரிக் கொட்டையிலும் மீனிலும் இருக்கின்றது. நகரிலிருந்து ஆலப்புழை செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே சில மைல் சென்றால், அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் வாய் வருகின்றது. தென்கரையில் சக்திகுளங்கரை, வடகரையில் நீண்டகரை. இடையே பாலம். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் இருபுறமும் விசைப்படகுகளன்றி நீர் தெரிவதில்லை.

இந்த நெருக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1952ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவும் நார்வே நாடும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மறு ஆண்டு இவ்விரு கிராமங்களையும் மையமாக வைத்துப் பணி தொடங்கியது. கட்டுமரமும் வள்ளமுமாய் இருந்த கரையில் இயந்திரப் படகுகள் வந்தன. பனிக்கட்டி ஆலை வந்தது. குடிநீரும் மருத்துவ நிலையமும் வந்தன. ஏழை மீனவர்க்கு மலிவான மீன் கிடைக்க வேண்டும் என்று தொடங்கிய முயற்சி, சில ஆண்டுகளில் இறாலைக் கண்டுபிடித்து, இறாலை அமெரிக்காவுக்கு அனுப்பும் வாணிபமாக முடிந்தது. அதனால் கரை செழித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இழுவைமடி என்னும் வலையும் அப்போதுதான் வேரூன்றியது. இருபுறமும் கனமான பலகைகள் வாயை விரித்துப் பிடிக்க, கடலின் தரையைத் துடைத்துக்கொண்டு வரும் வலை அது. அதற்குத் தேர்ந்தெடுத்துப் பிடிக்கத் தெரியாது.

கரையோரத்து இறால் குறையக் குறையப் படகுகள் மேலும் மேலும் ஆழத்தை நாடின. கொல்லத்துக்கு மேற்கே, கடலின் தரை சரிந்து இறங்கும் இடத்தில், 150 முதல் 200 பாகம் ஆழத்தில் அகன்ற திட்டு ஒன்று உண்டு. பாகம் என்பது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், ஆறடி. நம் கடற்கரையார் ஆழத்தை இன்றும் இக்கணக்கிலேயே கூறுவர். அத்திட்டில் ஆழ்கடல் இறால் உண்டென்று 1960களிலேயே ஆராய்ச்சிக் கப்பல்கள் அறிந்து கூறின. எனினும் 1999ஐ ஒட்டியே தனியார் விசைப்படகுகள் பெருமளவில் அதனை நாடிச் சென்றன. அன்று முதல் இறாலுடன் ஆழத்து மீன்களும் இத்துறையை எட்டிப் பார்க்கத் தொடங்கின.

நாங்கள் துறையை அடைந்தபோது இன்னும் விடியவில்லை. மின்விளக்குகளின் கீழ் ஏலம் தொடங்கியிருந்தது. எட்டு நாள் தங்கல் முடித்து வந்த படகு ஒன்று கரையில் அணைந்தது. அதன் ஸ்ராங்கு, குமரி மாவட்டத்துக் குளச்சலைச் சேர்ந்தவர். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். கேரளக் கரையின் இழுவைப் படகுகளில் குளச்சல் பக்கத்தவர் தலைமுறையாக வேலை செய்து வருகின்றனர். நாங்கள் தமிழில் பேசியதும் அவர் முகம் மலர்ந்தது. "கல்கத்தாவிலேருந்தா? அப்போ இவன்கிட்ட பேசுங்க," என்று தம் படகின் இளைஞன் ஒருவனைக் கூப்பிட்டுவிட்டார். அவன் காக்தீப்பைச் சேர்ந்த வங்காளி. நாங்கள் அவனுடைய மொழியில் நலம் விசாரித்ததும், "காகு, நீங்கள் எந்த ஊர்?" என்று எங்களையே உறவாக்கிக்கொண்டான். குளச்சலார் செய்த வேலையில் பாதியை இன்று வங்காளத்து இளைஞர்களும் ஒரிசாக்காரர்களும் செய்கின்றனர் என்று ஸ்ராங்கு கூறினார். தமிழன் வங்காளத்தில் கணக்கு எழுத, வங்காளி மலையாளக் கடலில் தமிழனிடம் வலை இழுக்கின்றான்!

கூடை கூடையாக முதலில் இறங்கியது செந்நிற இறால். தரகர்கள் அதனை ரெட் ரிங் என்கின்றனர். விலை மிகுந்த சரக்கு, ஏற்றுமதிக்குப் போவது. அதன் விஞ்ஞானப் பெயர் அரிஸ்டியஸ் ஆல்காக்கி. ஆம், நம் கொல்கத்தா டாக்டரின் பெயரேதான். 1938இல் அவரைப் போற்றி வைத்தது. ஏலக்காரர் அதன் விலையைக் கூவிக்கொண்டிருக்க, அவ்விறாலைத் தொடர்ந்து கடைசிக் கூடைகள் இரண்டு வந்தன. அவற்றை ஏலத் தளத்தில் வைக்கவில்லை, ஓரமாகத் தள்ளினர். கழிசல் என்று நம் கரையில் சொல்கிறோமே, அது. சிறு நண்டு, கண் பெருத்த மீன், பெயரறியாத செதில் மீன் இவற்றினிடையே, ஈரக் கயிறுகளைச் சுருட்டிப் போட்டாற்போலக் கிடந்தன நாங்கள் தேடிவந்தவை.

ஒன்றை எடுத்து நீட்டிப் பிடித்தோம். ஒன்றரை முழம் இருக்கும். செதில் இல்லை. மங்கிய நிறம். தலை நீண்டு, தாடைகள் குறுகி, ஊசிபோன்ற பற்கள் வரிசையாய் நின்றன. முதலையைப் பார்த்தவர் எவரும் வேறு பெயர் வைத்திருக்க மாட்டார். வயிற்றுக்குப் பின்னே உடல் தட்டையாகி, மெலிந்து மெலிந்து, வால் எங்கே முடிகின்றது என்று தெரியாதபடி நாடாவாகவே ஓடி முடிந்தது. அழகான மீன் என்று கூற இயலாது. ஆனால் அதைக் கையில் வைத்திருந்த அந்தச் சில கணங்கள், மம்மிக்கு முன் நின்ற கணங்களைவிடப் பெரியனவாகத் தோன்றின. அந்த உடல், முந்திய நாளோ அதற்கு முந்திய நாளோ, மனிதர் எவரும் கண்ணால் கண்டிராத இருளில் நெளிந்துகொண்டிருந்தது அல்லவா?

அந்த இருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு பாகத்துக்குக் கீழே பகலொளி மங்கி, பின்னர் இல்லையென்றே ஆகிவிடுகின்றது. மேற்பரப்பில் நீர் இருபத்தெட்டுப் பாகை வெப்பத்தில் இருக்க, இருநூறு பாகத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பாகையே உள்ளது. ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்குந்தோறும், நம்மீது காற்று முழுவதும் அழுத்தும் அளவுக்குச் சமமான அழுத்தம் கூடுகின்றது. நானூறு மீட்டர் ஆழத்தில் நாற்பது மடங்குக்கு மேல். இவையெல்லாம் எந்த ஆழ்கடலுக்கும் பொது. அரபிக்கடலுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. மேலே வளரும் நுண்ணுயிர்கள் மிகுதியாக மடிந்து கீழே இறங்கி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடுகின்றன. புதிய காற்றுடைய நீர் அங்கே விரைவில் வந்துசேர்வதில்லை. ஆதலால் ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை, மூச்சுக்குப் போதாத நீர் ஒரு தடித்த போர்வையாகப் பரந்து கிடக்கின்றது. உலகக் கடல்களில் இத்தகைய பெரும்பரப்புகள் மிகச் சில. நம் விலாங்கு அந்தப் போர்வைக்குள் வாழ்வது. காற்றில்லாத வீட்டில் குடியிருந்து, அங்கேயே பிள்ளை பெற்று வளர்க்கும் குடும்பம் போன்றது.

வளர்ப்பது என்ற சொல் விலாங்குக்கு முழுதும் பொருந்தாது. விலாங்கின் குஞ்சு தாயைப் போலவே இராது. கண்ணாடித் தாளில் வெட்டிய வேப்பிலை போல, தட்டையாய், ஊடே எழுத்தைப் படிக்கும்படி தெளிந்திருக்கும். தாயிடமிருந்து விலகி, மேல்நீரில் பல மாதங்கள் மிதந்து, பின்னரே உடல் சுருங்கி உருண்டு விலாங்காகின்றது. நெடுங்காலம் இந்தக் கண்ணாடி இலைகளைத் தனி மீன் என்று நினைத்துத் தனிப் பெயரிட்டு வைத்திருந்தனர். 1896இல் இத்தாலி நாட்டின் கிராஸியும் கலந்துருச்சியோவும் மெஸ்ஸினாக் கடலில் பிடித்தவற்றைத் தொட்டியில் வளர்த்து, அவை விலாங்குக் குஞ்சுகளே என்று நிறுவினர். நம் தாமிரபரணியிலும் காவேரியிலும் வளரும் விலாங்குகூடக் குஞ்சாக இருந்தது கடலில்தான். முட்டையிடவும் அது கடலுக்கே திரும்புகின்றது. குளத்து மீன் என்று நாம் எண்ணியிருப்பதற்குப் பிறந்த வீடு ஆழ்கடல்.

ஸ்ராங்கிடம், "அண்ணாச்சி, இதற்கு உங்கள் பக்கம் என்ன பெயர்?" என்று கேட்டோம்.

"இதுக்கு ஏது சார் பேரு? விலாங்குன்னு சொல்லுவோம். கோபம் வந்தா பாம்புன்னு சொல்லுவோம். வலைக்கண்ணுல பல்லை மாட்டிக்கிட்டு வராது, பிச்சு எடுக்கணும்."

அருகிலிருந்த மலையாளி, மலஞ்ஞில் என்றார். அஃது அவர்கள் ஆற்று விலாங்கின் பெயர். காக்தீப் இளைஞன், "பான் மாச்," என்றான். அது கங்கைக் கரையில் அவன் தாய் குழம்பு வைக்கும் மீன். மூவரும் மூன்று மொழியில் தத்தம் ஊர்ப் பெயரையே இந்தப் புதியவன் மீது போட்டிருந்தனர். கடலின் இருநூறு பாகத்தை எட்டும் தேவை முன்னோர்க்கு இருந்ததில்லை. ஆகவே பெயரும் இல்லை. அஞ்சாளைக்கும் திருக்கைக்கும் சுறாவுக்கும் வகைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. பழகிய பின்னரே பெயர் பிறக்கும் போலும்.

ஆனால் பழகுவதற்குக் காலம் கிடைக்குமா என்பதே எங்கள் கவலை. "ஒரு இழுப்புக்கு இது எவ்வளவு வரும்?" என்று கேட்டதற்கு, "சில நாள் நாலு. சில நாள் கூடை நிறைய. யாரு எண்ணுனது?" என்றார் ஸ்ராங்கு. முதல் நாட்களில் வருபவற்றைக் கடலிலேயே வாரிக் கொட்டிவிடுவர். பனிக்கட்டியும் இடமும் இறாலுக்கே வேண்டும். கொட்டும்போது அவற்றில் உயிர் இருப்பதில்லை. குளிரிலும் அழுத்தத்திலும் வாழ்ந்த உடல், மேலேறி வருவதற்குள் செத்துவிடுகின்றது. கடைசி இழுப்பில் வருபவை மட்டும் கரையைக் காண்கின்றன. அவை லாரியில் ஏறி மீன்மாவு ஆலைக்குச் செல்லும். மாவு, கோழித் தீவனமாகவும் இறால் பண்ணைத் தீவனமாகவும் மாறும். கொல்கத்தாவில் நம் வீட்டுத் தோசைக்கல்லில் உடைத்து ஊற்றும் முட்டையில், பெயரற்ற ஆழ்கடல் மீனின் ஒரு துளி இராது என்று எவராலும் சத்தியம் செய்ய முடியாது.

இதற்காக ஸ்ராங்கைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. டீசல் விலையும் படகின் கடனும் அவரை ஆழத்துக்குத் துரத்துகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்களில் இருவர் தம் உறவினர் என்று, விலாங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் அதே குரலில் சொல்லிவிட்டு, அடுத்த கூடையை இறக்கப் போய்விட்டார். ஆழத்தின் விலையை அவர் எங்களுக்கு முன்பே கொடுத்திருந்தார்.

கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவைமடிக்குத் தடை உண்டு. இப்போது அது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 முடிய 52 நாட்கள். கரையோர மீன்கள் இனம் பெருகும் காலத்தைக் கருதி வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் வாழும் விலாங்கு எந்த மாதத்தில் முட்டையிடும் என்று கருதி வைத்ததன்று. ஆழ்கடல் உயிர்கள் பலவும் மெல்ல வளர்வன. முதிர்ச்சி அடையப் பல ஆண்டு கொள்வன. ஒரு முறை குறைந்தால் மீள நெடுங்காலம் ஆகும். இந்நிலையில், எண்ணாமல் கொட்டுவதைவிட எண்ணிக் கொட்டுவதாவது மேல் என்பது எங்கள் கருத்து. எந்த ஆழத்தில், எத்தனை, எவ்வளவு நீளம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினால் போதும். படகுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும், எழுதுகிறவனுக்குச் சிறு ஊதியமும் பெரிய செலவாகா. 1984இல் டென்மார்க்கில் கட்டப்பட்டுக் கொச்சியைத் தளமாகக் கொண்ட சாகர் சம்பதா என்னும் ஆராய்ச்சிக் கப்பல் இச்சரிவுகளில் பன்முறை வலை இழுத்து, நம் விலாங்கையும் அளந்து எழுதியுள்ளது. ஆனால் ஓர் ஆராய்ச்சிக் கப்பல் எத்தனை நாள் வலை போடும்? இத்துறையின் படகுகள் பருவம் முழுதும் போடுகின்றன.

கழிசல் கூடையைப் புரட்டிப் பார்ப்பதில் பயன் உண்டென்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உளது. கடலூர் மாவட்டத்து முடசலோடைத் துறையில் கிடைத்த அஞ்சாளை ஒன்று, அதுவரை விஞ்ஞானம் அறியாத புதிய இனம் என்று 2023இல் வெளியிட்டனர். லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மீன் மரபு வளப் பணியகத்தார் அதற்கு இட்ட பெயர் ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ். அஃது ஆழ்கடலுக்குரியதன்று, கரைக்கு அருகில் வாழ்வதே. கண்ணெதிரே நெளிந்ததற்கே 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெயில் ஏறியது. முதலைத் தலை என்பதன் பொருளை ஸ்ராங்கிடம் கூறி, கொல்கத்தாவில் இதற்கு 1889இலேயே பெயர் வைத்துவிட்டனர் என்றோம். அவர் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதலை விலாங்குன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். வங்காளி இளைஞனுக்கு நாங்கள் விளக்கியதும், அவன் தன் ஊர்ப்பக்கத்து முதலைக் கதை ஒன்றைத் தொடங்கிவிட்டான்.

ஆராய்ச்சி நண்பருக்காக நல்ல நிலையில் இருந்த மூன்றைக் கேட்டோம். ஸ்ராங்கு தாமே பொறுக்கி எடுத்து, பனிக்கட்டித் தூளில் பொதிந்து, பழைய தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கட்டித் தந்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார். இதற்கு யார் விலை வைத்தது என்று கேட்டார். எந்த ஆழத்தில் கிடைத்தது என்று கேட்டதற்கு, சற்று யோசித்து, "இருநூத்தி இருபது பாகம், கொல்லத்துக்கு நேர் மேற்கே," என்றார். அதைப் பெட்டியின் மேல் எழுதிக்கொண்டோம். மீதிக் கூடைகள் லாரியில் ஏறின. மறு தங்கலுக்குப் பனிக்கட்டி நிரப்பத் தொடங்கியிருந்தார்கள்.